புதுசு கலையாத ஜெனரேட்டர்

இப்போது ஊரில் இதை மூன்று நாள் கதையாகச் சொல்கிறார்கள். அக்காவைப் பார்க்க வருகிறவர்களிடம் அவள் புருஷனான மாமாவும் அப்படித்தான் சொல்கிறார். மூன்று நாள் கரண்ட் இல்லை, மூன்று நாள் தண்ணீர் வடியவில்லை, மூன்று நாளும் தன்னுடைய ஜெனரேட்டர்தான் அவளைக் காப்பாற்றியது என்கிறார். நான் அந்த வீட்டில் இருந்தேன். புயல் கரையைக் கடந்தது சனிக்கிழமை ராத்திரி. ஜெனரேட்டரின் கட்டை அவிழ்த்தது ஞாயிற்றுக்கிழமை காலை. அது ஒழுங்காக ஓடத் தொடங்கியது அதே ஞாயிறு, பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால். கரண்ட் வந்தது செவ்வாய்க்கிழமை. அதாவது மாமாவின் மூன்று நாளில் முதல் பகல் முழுக்க அந்த ஜெனரேட்டர் யாரையும் காப்பாற்றவில்லை. நாங்கள்தான் அதைக் காப்பாற்றப் பாடுபட்டுக்கொண்டிருந்தோம். அந்த ஒரு பகலைத்தான் எல்லோரும் கதையிலிருந்து கழித்துவிட்டார்கள். எனக்கு நாள் கிழமை தவறினால் பொறுக்காது. ஏரி நிரம்பிய நாள், முதல் மழை விழுந்த நாள், வில்லியனூர்த் தேர் நிலைக்கு வந்த நேரம் என்று காலண்டர் தாளில் குறித்து வைக்கிற ஆள் நான். பாகூர்ப் பக்கம், அக்கா வீட்டு ஞாயிறு ஒன்று காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அக்காவுக்கு நுரையீரல் இறுகிப்போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. பிள்ளையார்குப்பத்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, இனிமேல் மூக்குக் குழாய் இல்லாமல் இருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆக்ஸிஜன் மிஷின், சூட்கேஸ் உயரத்துக்குச் சக்கரம் வைத்தது, ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும். அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, வடித்து, குழாய் வழியாகக் கொடுக்கிற மிஷின் அது. கரண்ட் போனால் அதுவும் போகும். அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் மூலையில் நிற்கும். புயல் வருகிறது என்று சொன்னதும் வெள்ளிக்கிழமையே நான் வில்லியனூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். அக்காவுக்குத் துணை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் மாமாவை நம்பி அவளை விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

மாமா கெட்டவர் இல்லை. நெல்லும் கரும்பும் பயிர் வைக்கிற, நாலு பேர் மதிக்கிற மனுஷன். ஆனால் பொருள் வாங்குவதில் இருக்கிற பிரியம் அதைப் பயன்படுத்துவதில் அவருக்குக் கிடையாது. அந்த வீட்டு சோபாவின் பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை. வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வழுக்கும். டிவி ரிமோட் பாலித்தீன் கவருக்குள் இருக்கிறது, பட்டன் எழுத்து தெரியாது, எல்லோரும் கணக்கு வைத்து அமுக்குகிறார்கள். வாஷிங் மிஷின் மேல் அரிசி மூட்டை. வாங்கிய பொருள் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே என்றைக்கும் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பொருள் தேயாமல் இருப்பதைத்தான் அவர் வசதி என்று நினைக்கிறார்.

ஜெனரேட்டர் இதற்கு முன் வந்த ஒரு புயலுக்குப் பிறகு வாங்கியது. பொங்கல் முடிந்த வாரம் டிராக்டர் டிப்பரில் வந்து இறங்கியது. கைப்பிடி வைத்த சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர்தான், ஆனால் இறக்கும்போது தெருவே கூடியது. கடைக்காரர் ஒரு முறை ஓட்டிக் காட்டினார். அன்றைக்கு ஓடியதோடு சரி. மறுநாளே அதற்குத் தார்ப்பாய் சுற்றி, நைலான் கயிறு கட்டி, மாட்டுக் கொட்டகை ஓரம் பலகை மேல் ஏற்றிவிட்டார். வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜைக்கு, கட்டு அவிழும். ஈரத் துணியால் துடைத்து, திருநீறு பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் போட்டு, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, மறுநாள் மறுபடி தார்ப்பாய். நானும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் போகிறவன். ஒவ்வொரு வருஷமும் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீர்களா என்று கேட்பேன். புதுசு எதுக்குக் கெடப் போவுது மச்சான் என்பார். ஓட்டினால்தான் கெடும் என்பது அதன் பொருள்.

சனிக்கிழமை மதியமே கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் பேட்டரி, பாவம், ஞாயிறு விடியற்காலை வரை தம் கட்டியது. அதுவும் கூவி ஓய்ந்ததும் அக்காவுக்குச் சிலிண்டரை மாட்டினோம். அதன் மீட்டர் முள் பாதிக்கு மேல் நின்றது. ஆஸ்பத்திரியில் சொன்னதைவிடக் குறைத்து வைத்துக் கொடுத்தால் சாயங்காலம் வரை வரும் என்று நினைத்தோம். போனில் டவர் இல்லை. ஆஸ்பத்திரி பக்கம்தான், ஆனால் ஏரித் தண்ணீர் வாய்க்காலை உடைத்துக்கொண்டு ரோட்டின் மேல் ஓடியது. எதிர்வீட்டுப் பங்காளி, மாமாவுக்குத் தம்பி முறை, டிராக்டர் வைத்திருப்பவர், அவர் போய்ப் பார்த்துவிட்டு, பாலத்துக்கு முன்னால் பெரிய சக்கரமே முழுகுது, இழுப்பும் இருக்கு, அண்ணியை ஏத்திக்கினு போவ முடியாது என்று திரும்பி வந்தார். ஆகவே சிலிண்டர் முள் சிவப்புக் கோட்டுக்குப் போவதற்குள் ஜெனரேட்டர் ஓட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும் விஷயம். அன்று அந்த வாசலில் கூடிய ஆண்களுக்கு மட்டும் இது ஜெனரேட்டருக்கும் தங்களுக்கும் நடக்கிற போட்டி என்று பட்டது.

முதலில் அதை எங்கே வைப்பது என்று வாக்குவாதம். மழை தூறிக்கொண்டிருந்ததால் மாமா அதை நடுக்கூடத்தில் வைக்கச் சொன்னார். புகை என்று நான் சொன்னேன். ஜன்னலைத் திறந்து வைக்கலாம் என்றார். மூச்சு முட்டிக் கிடக்கிறவளுக்குப் பக்கத்தில் பெட்ரோல் புகையை விடப் பார்த்த அந்த யோசனைக்குத் தலையாட்டியவர்கள் மூன்று பேர். கடைசியில் கொட்டகையிலேயே, காற்று வெளியே போகிற பக்கமாக வைத்து, நீள வயர் இழுப்பது என்று முடிவானது. அக்காவின் கட்டில் ஜன்னல் ஓரம். அங்கிருந்து கொட்டகை நேராகத் தெரியும். தலையணை இரண்டை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடி அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சைச் சிக்கனமாக வைத்திருந்தாள்.

மாமாதான் முதலில் கயிற்றை இழுத்தார். தன் பொருள் என்ற உரிமை. ஜெனரேட்டர் இருமக்கூட இல்லை. பங்காளி இழுத்தார். தோள் பலம் உள்ளவர் என்று பெயர் எடுத்தவர் ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டு இழுத்தார். ஓர் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய ஆண்களுக்குத் தெரிந்த ஒரே வழி, முன்னால் இழுத்தவனை விடப் பலமாக இழுப்பது. தேரா இது? இழுக்கிற கூட்டம் பெருகப் பெருகத் தேர் நகரும். ஜெனரேட்டர் நகராது. நான் அதோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்தேன். அதுவும் கவர் பிரிக்கப்படாமல் பீரோவில் இருந்தது. அதில் இருந்த படத்தைப் பார்த்து, பெட்ரோல் வருகிற காக் மூடியே இருக்கிறது என்று சொன்னேன். இத்தனை பேர் இத்தனை நேரம் மூடிய குழாய்க்கு முன்னால் குடத்தை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அதைத் திருப்பினோம். மாமா, அதை நான் அப்புறம் திறக்கலாம்னு இருந்தேன் என்றார்.

திறந்தும் பலனில்லை. டேங்கில் இருந்தது கடைக்காரர் ஓட்டிக் காட்டிய அன்றைக்கு ஊற்றிய பெட்ரோலின் மிச்சம். மூடியைத் திறந்தால் வார்னிஷ் வாடை அடித்தது. பெட்ரோல் பழசானால் கெடும் என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. பெட்ரோல் என்ன பாலா என்று பங்காளி கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். அக்காவின் சிலிண்டர் முள்ளைப் பார்த்துவிட்டு வந்து, யார் சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று கீழ்த் திருகைக் கழற்றி எல்லாவற்றையும் வடித்துக் கொட்டினேன். பங்காளியின் பைக்கிலிருந்து புதுப் பெட்ரோல் குழாய் போட்டு உறிஞ்சினார்கள். புனல் வைத்து ஊற்றிக்கொண்டிருக்கும்போதே சட்டையில்லாதவர் பொறுக்காமல் ஒரு இழு இழுத்தார். படபடவென்று பிடித்துக்கொண்டது.

இந்த இடத்தை அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன், ஏனென்றால் பிறகு இது தேவைப்பட்டது. புனல் இன்னும் டேங்கில் நின்றது. மாமா ஓடி வந்து புனலை எடுத்தார். மூடியைப் போட்டு, ஒரு திருகு, இன்னொரு திருகு, ஊறுகாய் ஜாடியை மூடுவதுபோல் இறுக்கினார். அது மேல் கையால் ஒரு தட்டும் தட்டினார். நான் உள்ளே போய் மிஷினின் பிளக்கை நீள வயரில் சொருகினேன். மிஷின் பெருமூச்சு விட்டு எழுந்தது. அக்காவின் குழாயைச் சிலிண்டரிலிருந்து மாற்றினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே மாமாவின் குரல் கேட்டது. தரமான பொருள் வாங்கினா இதான் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அந்தப் பேச்சை முடிப்பதற்குள் இன்ஜின் திணறியது, ஏறி இறங்கியது, நின்றது.

மறுபடி சிலிண்டர். மறுபடி கயிறு.

இதற்கு அப்புறம் நடந்ததைத்தான் ஊர் முழுசாக மறந்துவிட்டது. வாசலில் ஆளுக்கொரு காரணம் கிடைத்துவிட்டது. தன் காரணம் தோற்றுவிடக் கூடாது என்பதுதான் ஒவ்வொருவருக்கும் கவலை. பங்காளி, பிளக்கில் கரி என்றார். டிராக்டர் வைத்திருப்பவருக்கு உலகத்து நோய் எல்லாமே பிளக்கில்தான். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாயால் ஊதி, மாட்டினார். ஓடவில்லை. ஆயிலைப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. சரியாக இருந்ததில் எல்லோருக்கும் ஏமாற்றம். இதற்குள் வார்டில் கட்சி வேலை பார்க்கிற ஒருவர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். கொம்யூன் பஞ்சாயத்தில் தனக்கு ஆள் இருக்கிறது, டவர் மட்டும் வரட்டும், ஒரு போன் போட்டால் பெரிய ஜெனரேட்டரே வரும் என்றார். டவர் வந்தால் நாங்களும் போன் போடுவோமே என்று நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. அவரைத் தலைவரே என்று கூப்பிட்டு ஒரு நாற்காலி போட்டார்கள். அன்று வேறு யாருக்கும் நாற்காலி போடவில்லை.

மாமா கண்டுபிடித்த காரணம்தான் எல்லாவற்றிலும் மோசம். ஜெனரேட்டரில் ஒன்றும் இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது, அந்த ஆக்ஸிஜன் மிஷினைச் சொருகியதும்தான் நின்றது, அது கரண்டை ரொம்ப இழுக்கிறது என்றார். அதாவது குற்றம் அக்காவுடையது. அவள் மூச்சு இழுப்பது அவருடைய பொருளுக்குத் தாங்கவில்லை. கையேட்டில் இருந்த கணக்கைக் காட்டினேன். இதைப் போல மூன்று மிஷின் தாங்கும் என்று போட்டிருந்தது. போட்டிருப்பான் மச்சான், போடறதுக்கென்ன என்றார். ஜன்னல் வழியாக அக்கா அதைக் கேட்டாள்.

"ஆமாம், நான் கொஞ்சம் கம்மியா இழுத்துக்கறேன்," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "அத நீ துண்டால தொடச்சி வுடு, பாவம் வேர்க்கப் போவுது."

சட்டையில்லாதவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கயிற்றைப் பார்த்தார். மாமா முகம் கொடுக்கவில்லை. ஆனால் மிஷினின் பிளக்கைத் தானே போய்ப் பிடுங்கிவிட்டு வந்து, இப்ப இழுங்கடா என்றார். இழுத்தார்கள். பாரம் இல்லாமலும் அது ஓடவில்லை. தன் காரணம் பொய்யான உடனே அதை விட்டு அகன்று நிற்கிற வித்தை அவருக்குக் கைவந்தது.

மதியம் தாண்டியது. நான் போய்ப் பார்த்தபோது முள் சிவப்புக்கு ஒரு விரல் மேலே இருந்தது. அக்காவின் உதட்டோரம் நாவல் பழம் தின்றது போல் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. அவளுடைய தோள் இரண்டும் மூச்சுக்கு ஒரு தரம் காதுவரை ஏறி இறங்கின. தண்ணி குடிக்கிறியா என்று கேட்டேன். வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். கூட்டத்தில் கஞ்சி குடிக்கப் போனவர்கள் போனார்கள். போனவர்கள் திரும்பி வந்து, இன்னுமா ஆகல என்று எங்களைக் கேட்டார்கள்.

அப்போது வார்டுக்காரர் நாற்காலியிலிருந்தபடியே, பெட்ரோல் இருக்குதா பாரு முதல்ல என்றார். ஊற்றி வைத்த பெட்ரோல் எங்கே போகும்? ஆனாலும் தலைவர் சொல்லிவிட்டார். பங்காளி மூடியைத் திருகினார். திறக்கும்போது உஸ் என்று ஒரு சத்தம் வந்தது, சோடா பாட்டில் திறந்தால் வருவது போல, அதைவிடச் சின்னதாக. எட்டிப் பார்த்தார், முக்கால் டேங்க் இருந்தது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டே, சும்மா ஒரு தரம் இழுடா என்றார். நாலாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.

ஒரே கூச்சல். பிளக்கைத் தேய்த்தது இப்போதுதான் வேலை செய்கிறது என்று பங்காளி சொன்னார். மாமா மனசுக்குள் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டதாகச் சொன்னார். வார்டுக்காரர் எல்லாம் தெரிந்தவர் போல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மாமா மூடியை வாங்கி மழைத் தண்ணீர் போய்விடும் என்று முன்னைவிட இறுக்கமாக மூடினார். நான் பிளக்கைச் சொருகி, குழாயை மாற்றி, அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறம் திரும்புகிற மாதிரி இருந்தது. அப்புறம் வெளியே அதே திணறல். ஏறி இறங்கி, நின்றது.

பிள்ளையார் தேங்காய்க்குக் கணக்குப் பார்க்கிறார் என்று யாரோ சொன்னார்கள். சட்டையில்லாதவர் கையில் கொப்புளம் என்று உட்கார்ந்துவிட்டார். நான் சிலிண்டரைத் திறக்கும்போது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தம்பி. நீதான் எல்லாத்தையும் குறிச்சி வெப்பியே," என்றாள். "எப்ப ஓடுச்சி, எப்ப நின்னுச்சி. வரிசையா சொல்லு."

இந்தக் குறித்து வைக்கிற பழக்கத்தை அந்த வீட்டில் நாற்பது வருஷமாகக் கேலி செய்கிறவள் அவள். மூச்சில்லாத நேரத்திலும் அந்தக் கேலியை விடவில்லை. ஆனால் கேட்டது கேலிக்கு இல்லை. வரிசையாகச் சொன்னேன். காலையில் எவ்வளவு இழுத்தும் ஓடவில்லை, பழைய பெட்ரோல். புதுசு ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஓடியது. மாமா மூடினார். நின்றது. அப்புறம் பிளக், ஆயில், பாரம், எதற்கும் ஓடவில்லை. பங்காளி பெட்ரோல் இருக்கிறதா என்று திறந்தார். உஸ் என்றது. ஓடியது. மாமா மூடினார். சொல்லிக்கொண்டு வரும்போதே என் வாய் நின்றுவிட்டது. இத்தனை நேரம் இந்த வரிசை என் தலைக்குள்தான் இருந்தது. பாரத்தையும் பிளக்கையும் பற்றிச் சண்டை போட்டதில் அதை நான் ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்கவில்லை.

"எண்ணெ டின்னுக்கு," என்றாள் அக்கா, "எத்தினி ஓட்ட போடுவோம்?"

இரண்டு. ஒன்று எண்ணெய் வருவதற்கு, எதிரே ஒன்று காற்று போவதற்கு. ஒரே ஓட்டை போட்டால் கொஞ்சம் வடிந்து நின்றுவிடும். சமையல்கட்டில் இருக்கிற யாருக்கும் தெரியும்.

"அதுக்கும் மூச்சு முட்டுதுடா," என்றாள். "போய்ப் பாரு."

நான் போய் மூடியைக் கேட்டேன். மாமா கொடுக்கவில்லை, மூடியில் என்ன இருக்கிறது என்றார். கேட்காமல் திருகி எடுத்தேன். உஸ். உள்பக்கம் சுத்தமாக இருந்தது. நடுவில், டேங்குக்குள் காற்று போவதற்கு, குண்டூசி நுழைகிற அளவுக்குத் துளை. திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கம் துளையே இல்லை. அந்த இடத்தில் சந்தனம் இருந்தது. நடு உச்சியில், அளவெடுத்து வைத்தது போல வட்டமாக ஒரு பொட்டு, அதன் நடுவில் குங்குமம். விரலால் சுரண்டினால் அடை அடையாகப் பெயர்ந்தது. இந்த வருஷத்து ஆயுத பூஜை, அதன் கீழே போன வருஷத்து ஆயுத பூஜை, அதற்கும் கீழே வெளுத்துப்போன இன்னொன்று. ஈரத் துணியால் துடைக்கும்போதெல்லாம் பழசு கரைந்து துளைக்குள் இறங்கி, காய்ந்து, சிமெண்டாகியிருந்தது. பொருள் வாங்கியதிலிருந்து வருஷம் தவறாமல் மாமா அதற்குச் செய்துவந்த ஒரே பராமரிப்பு அதன் மூக்கை அடைத்ததுதான்.

மூடியை எல்லோருக்கும் காட்டினேன். பங்காளி வாங்கிப் பார்த்துவிட்டு, அண்ணே, நெத்தின்னு நெனச்சி மூக்குல வெச்சிட்டியே என்றார். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சாமிக்கு வைத்ததைக் கையால் சுரண்டுகிறாயே, பூஜை போட்டு இன்னும் கார்த்திகை தீபம்கூட வரவில்லை என்று என்மேல் பாய்ந்தார். பூஜை போட்ட பொருள் பூஜையால் கெடுமா, இத்தனை வருஷம் கெடாதது இன்றைக்குக் கெடுமா என்றார். இத்தனை வருஷம் ஓடாதது என்று திருத்தினேன். அது வேறு, இது வேறு என்றார். வாசலில் இருந்தவர்களில் இரண்டு பேர் உண்மையிலேயே தயங்கினார்கள். ஒருவர், முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு அப்புறம் எடுக்கலாமே என்றார். கட்டிலில் ஒருத்தி நீலம் பாரித்துக் கிடக்கிறாள். இங்கே ஒரு டேங்க் மூடியிடம் மன்னிப்புக் கேட்க ஆள் தேடுகிறார்கள். நான் நிறையப் படிக்கிறவன். மூட நம்பிக்கை பற்றி அறிஞர்கள் எழுதியது எவ்வளவோ படித்திருக்கிறேன். அவர்கள் எல்லோருமே கொஞ்சம் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று அன்றைக்குத் தோன்றியது.

ஜன்னலிலிருந்து கை தட்டும் சத்தம் வந்தது. குரல் எழும்பாததால் அக்கா கையைத் தட்டினாள். எல்லோரும் திரும்பினார்கள்.

"இந்தா," என்றாள் மாமாவைப் பார்த்து. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கினாள். "எனக்கு நாளைக்கி பாடையில சந்தனம் வெப்பல்ல? நெத்தில. அப்ப மெதுவா வெய்யி. இப்ப அத எடு."

மாமா என் கையிலிருந்து மூடியைப் பிடுங்கினார். மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். அதில் கோத்திருந்த ஊக்கை விரித்து, திண்டாடித் திண்டாடி அவரே துளையைக் குத்தினார். மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது. வாயில் வைத்து ஊதினார். முதலில் கன்னம் மட்டும் உப்பியது, அப்புறம் காற்று போனது. அந்த மனுஷன் ஒரு பொருளை உண்மையாகக் கையாண்டதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அவரே மூடினார். அவரே இழுத்தார். ஐந்தாறு இழுப்பில் வந்துவிட்டது. எல்லோரும் அந்தத் திணறலுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. நான் உள்ளே போய் மிஷினைச் சொருகியபோது சிலிண்டர் முள் சிவப்புக்குள் போயிருந்தது. இருட்டுவதற்குள் அக்காவின் உதடு பழைய நிறத்துக்கு வந்தது. அவள் பேசிய முதல் பேச்சு, அந்த நாற்காலிய உள்ள எடுத்துப் போடுங்க, மழையில நனையுது என்பது. வார்டுக்காரர் அதில்தான் உட்கார்ந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை வரை அது ஓடியது. தண்ணீர் வடிந்த புதன்கிழமை நான் வில்லியனூர் திரும்பினேன். கிளம்பும்போது மாமா எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்: இனி மாதம் ஒரு தரம் ஓட்டிப் பார்ப்பார், தார்ப்பாய் கட்ட மாட்டார். அடுத்து வந்த தை மாதமே தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. நைலான் கயிறும் புதுசு.

போன ஆயுத பூஜைக்கும் போயிருந்தேன். கட்டு அவிழ்ந்து, துடைத்து, சாமந்திச் சரத்தோடு ஜெனரேட்டர் பலகை மேல் இருந்தது. மூடியைப் பார்த்தேன். துளையைச் சுற்றி நாலு பக்கமும் நாலு பொட்டு. துளை மட்டும் திறந்திருந்தது. அந்த அளவுக்குக் கற்றுக்கொண்டிருந்தார், ஒப்புக்கொள்ள வேண்டும். எப்போது கடைசியாக ஓட்டினீர்கள் என்று கேட்டேன். இப்பத்தான், போன வாரமோ என்னவோ என்றார். மூடியைத் திறந்தேன். வார்னிஷ் வாடை. சரி, இப்போது ஒரு தரம் இழுத்துப் பார்க்கலாமா என்றேன்.

"இன்னிக்கா? இன்னா மச்சான் நீ, இன்னிக்கி எதையும் ஓட்டக் கூடாது," என்றார். ஆயுதங்களுக்கு இன்றைக்கு ஓய்வு நாள் என்று எனக்கு விளக்கினார். வருஷம் முழுக்க ஓய்வெடுக்கிற ஜெனரேட்டருக்கு.

சந்தனக் கிண்ணத்தோடு அவர் உள்ளே போனார். நானும் போனேன். அக்காவின் மிஷின் வழக்கம்போல் முனகிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் காற்று இழுக்கிற வலை. மாமா விரலில் சந்தனத்தைத் தோய்த்துக்கொண்டு மிஷினைச் சுற்றி வந்து, வலைக்கு நேரே குனிந்தார். அக்கா கட்டிலிலிருந்து கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். விரலைத் தன் நெற்றிக்கு இழுத்தாள்.

"வெக்கறதுன்னா இங்க வெய்யி. இங்க ஓட்ட இல்ல."

மாமா வைத்தார். குங்குமமும் வைத்தார். வைத்துவிட்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, இன்னிக்கி எதையும் ஓட்டக் கூடாதாம். போய் அந்தக் கயித்த இழு."

பழைய பெட்ரோலை வடித்துக் கொட்டி, தெருமுனையில் போய் வாங்கி வந்து ஊற்றி, இழுத்தேன். மாமா வாசலுக்கு வரவில்லை. நேரமாயிற்று, ஆனால் ஓடியது. அது ஆடிய ஆட்டத்தில் சாமந்திச் சரம் நழுவி விழுந்தது. வீட்டில் கரண்ட் இருந்தது. அந்தச் சத்தம் யாருக்கும் தேவையில்லை. ஜன்னலில் அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் போதும் என்று சொல்லும்வரை நான் நிறுத்தவில்லை. அவளும் சீக்கிரத்தில் சொல்லவில்லை.